சின்ன நோட்ஸ் ஆப் பண்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

தனியாவோ ரெண்டு மூணு பேராவோ சேந்து நோட்ஸ் ஆப் கட்டிட்டு இருக்கறவங்க கேக்குறது பெரும்பாலும் இதே கேள்விங்க தான். அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்களுக்கு எது இடிக்குதோ அங்க போங்க.

ஏற்கனவே இத்தனை நோட்ஸ் ஆப் இருக்கு, இன்னொன்னுக்கு எங்க இடம்?

"எல்லாருக்குமான நோட்ஸ் ஆப்"னு ஒன்னுக்கு இடம் கிடையாது, அது எப்பவோ நிரம்பிடுச்சு. ஒன்நோட் 2003ல இருந்து இருக்கு, ஐபோன் 2007ல முதல் தடவை வந்தப்பவே உள்ள நோட்ஸ் இருந்துச்சு, எவர்நோட் 2008, கூகுள் கீப் 2013. இதுல பாதி, ஃபோன் வாங்கும்போதே உள்ள உக்காந்துட்டு வருது, காசும் இல்ல. அதுங்களோட நேருக்கு நேர் நின்னு "என்னுது கொஞ்சம் நல்லாருக்கும்"னு சொன்னா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க.

ஆனா மார்க்கெட் ஃபுல்லுனு எல்லாரும் சொல்லிட்டு இருக்கும்போதே ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் உள்ள வந்து உக்காந்துருக்காங்க பாருங்க. 2016ல இத்தாலில இருந்து ஒரு சின்ன டீம் 'பேர்' (Bear)னு ஒரு ஆப் விட்டாங்க, ஆப்பிள் மட்டும், எழுத பிடிச்சவங்களுக்கு மட்டும், அடுத்த வருஷமே ஆப்பிள் டிசைன் அவார்டு. 2020ல ஆப்ஸிடியன் வந்துச்சு, ஆரம்பிச்சது ரெண்டே பேரு, அவங்க சொன்னது ஒன்னு தான்: உங்க நோட்ஸ் உங்க கம்ப்யூட்டர்லயே சாதாரண மார்க்டவுன் ஃபைலா (எதுலயும் திறக்கற வெறும் டெக்ஸ்ட்) இருக்கும், நாங்க நாளைக்கு காணாம போனாலும் ஃபைல் போகாது. இவங்க யாரும் எவர்நோட்ட விட பெருசா ஒன்னு கட்ட போகல. ஒரு மாதிரி ஆள புடிச்சாங்க, அந்த ஆளுக்கு முழுசா பண்ணாங்க, மத்தவங்கள விட்டுட்டாங்க. இந்த பக்கத்துல நான் சொல்ற எல்லாமே சுத்தி சுத்தி இதுல தான் வந்து நிக்கும்.

அப்போ எனக்கு உண்மையான போட்டி யாரு? நோஷன் மாதிரி பெரிய நோட்ஸ் ஆப்பா, கீப்பா?

நம்மூர் பக்கம் பாத்தா வாட்ஸ்அப். சத்தியமா. தெரிஞ்சவங்க நாலு பேரோட ஃபோன வாங்கி பாருங்க. வீட்டு வாடகை கணக்கு, கேஸ் புக்கிங் நம்பர், டாக்டர் சீட்டு போட்டோ, மாமாவோட பேங்க் அக்கவுண்ட் நம்பர் எல்லாம் எங்க இருக்கு? தனக்குத்தானே ஆரம்பிச்சிக்கிட்ட ஒரு குரூப்புல, அதுல மெம்பர் அவங்க ஒருத்தர் தான். இத பாத்துட்டு தான் வாட்ஸ்அப்பே 2022 நவம்பர்ல தனக்கே மெசேஜ் அனுப்பிக்கிற வசதிய கொண்டு வந்துச்சு.

ஏன் அங்க போடறாங்க? எப்பவும் திறந்தே இருக்கு, போட்டோ வாய்ஸ் எல்லாம் போகுது, புதுசா எதையும் கத்துக்க வேணாம். எங்க அடி வாங்குறாங்க? ஆறு மாசம் கழிச்சு தேடும்போது. அனுப்பி 15 நிமிஷம் தாண்டிட்டா மெசேஜ எடிட் பண்ண முடியாது, அதனால பழைய கணக்கு கீழ புது கணக்குனு ஒரே விஷயம் பத்து தடவை இருக்கும், எது கடைசினு அவங்களுக்கே தெரியாது. உங்க ஆப் நுழையற சந்து இது தான். அதனால நான் எந்த நோட்ஸ் ஆப்ப பாத்தாலும் மொத கேக்குறது, வாட்ஸ்அப்ல இருந்து ஷேர் பட்டன் தட்டினா உங்க ஆப்புக்குள்ள வந்து சரியான இடத்துல உக்காருதா? "இல்ல, ஆனா கிராஃப் வியூ (நோட்ஸ் ஒன்னோட ஒன்னு எப்படி இணையுதுனு காட்டற படம்) இருக்கு"னு சொன்னா எனக்கு சிரிப்பு தான் வருது.

ஃபீச்சர் நிறைய குடுத்தா தனியா தெரியாதா?

தெரியாது. பெரிய கம்பெனில ஒரு டீம் ரெண்டு மாசத்துல போடறத நீங்க வருஷம் ஃபுல்லா உக்காந்து போட வேண்டியிருக்கும். ஆனா பெருசா இருக்கறதால அவங்களால சில விஷயம் சீக்கிரம் பண்ணவே முடியாது, அது உங்களுக்கு லாபம். நோஷன் 2.0 வந்தது 2018ல, ஒழுங்கான ஆஃப்லைன் வந்தது 2025 ஆகஸ்ட்ல. அத்தனை வருஷமும் ஜனங்க கேட்டுட்டே இருந்தாங்க. ஏன் லேட்டுனா, முழு டிசைனே சர்வர்ல இருந்து பிளாக் பிளாக்கா எடுத்துட்டு வர்ற மாதிரி, அத அடியில இருந்து மாத்தறது லேசான வேலை இல்ல. உங்களுக்கு அந்த பாரம் இல்ல. முதல் நாள்லயே எல்லாத்தையும் ஃபோன்லயே வச்சுட்டா, ட்ரெயின்ல டவர் போனாலும் உங்க ஆப் ஓடும்.

"ஒரு ஆள புடி"னு சொல்றீங்க, எப்படி புடிக்கிறது?

வயசு, ஊரு, சம்பளம்னு எல்லாம் பிரிக்காதீங்க, அது விளம்பரம் பண்றவங்க வேலை. எந்த நேரத்துல எழுதுறாங்க, எழுதினத எந்த நேரத்துல திருப்பி தேடறாங்க, இந்த ரெண்ட மட்டும் பாருங்க. ரெண்டும் தெளிவா இருந்தா அங்க ஒரு ஆப் இருக்கு.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம், கர்நாடக சங்கீதம் கத்துக்கறவங்க. எழுதற நேரம்: கிளாஸ்ல டீச்சர் பாடிட்டு இருக்கும்போது. தேடற நேரம்: மறுநாள் காலைல சாதகம் பண்ணும்போது (பாடி பழகும்போது). இப்ப என்ன பண்றாங்க? நோட்டுல சாகித்யத்தையும் ஸ்வரத்தையும் எழுதறாங்க, ஃபோன்ல ரெக்கார்ட் பண்றாங்க, ரெண்டும் ரெண்டு இடத்துல இருக்கு. அனுபல்லவில (பாட்டோட ரெண்டாவது பகுதி) ரெண்டாவது சங்கதி (அதே வரிய மாத்தி பாடற விதம்) எப்படி பாடினாங்கனு கேக்கணும்னா முக்கா மணி நேர ரெக்கார்டிங்க முன்னாடி பின்னாடி இழுத்துட்டே இருக்கணும். எழுதற ஒவ்வொரு வரியோடயும் அந்த நேரத்த சேத்து வச்சுட்டா, வரிய தொட்டா அங்க இருந்து பாட்டு ஓடும். டெக்னிக்கலா பெரிய வித்தை இல்ல, ஒரு வரிக்கு ஒரு டைம்ஸ்டாம்ப், அவ்ளோதான். ஆனா அவங்களுக்கு அது உயிர்.

இன்னும் உள்ள போனா இன்னும் கிடைக்கும். தார ஸ்தாயிக்கு (உச்ச குரல்) ஸ்வரத்து மேல ஒரு புள்ளி வைக்கணும், மந்தர ஸ்தாயிக்கு (அடி குரல்) கீழ. தமிழ்ல 'ப' மேல புள்ளி வச்சா அது 'ப்' ஆயிடும், படிக்கிறவங்களுக்கும் குழப்பம், கம்ப்யூட்டருக்கும் அது வேற எழுத்து. அதனால ஸ்தாயி புள்ளிய எழுத்தா டைப் பண்ண விடாம தனி குறியா வரையணும். தாளத்துக்கு ஏத்த மாதிரி வரி மடங்கணும், ஆதி தாளம்னா 8 அட்சரத்துக்கு ஒரு ஆவர்த்தனம் (தாளத்தோட ஒரு சுத்து), நடுவுல லகு, திருதம்ங்கற தாள பாகங்க பிரியற இடத்துல கோடு. இத கூகுள் கீப் எந்த காலத்துலயும் பண்ண போறதில்ல, பண்ண வேண்டிய அவசியமும் அவங்களுக்கு இல்ல. இந்த மூணு விஷயத்த ஒழுங்கா பண்ண ஆப்ப ஒரு டீச்சர் பாத்துட்டா, அவங்க கிளாஸ் மொத்தமும் உங்க ஆப்ல இருக்கும்.

இதே மாதிரி டெய்லர் கடை அளவு, சைட்டுக்கு போற எலெக்ட்ரீஷியன், தீசிஸ் எழுதறவங்க, வயசான அப்பா அம்மாவோட மருந்தையும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் பாத்துக்கறவங்கனு எத்தனையோ இருக்கு. உங்களுக்கு பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்கள எடுங்க, தெரியாத மாதிரி ஆளுக்கு ஆப் பண்ணா நாலாவது மாசம் போர் அடிச்சிரும்.

அவ்ளோ சின்ன கூட்டத்த வச்சு எப்படி பொழைக்கிறது?

சின்ன டீமுக்கு கோடி பேர் வேணாமே. வருஷத்துக்கு 1,000 ரூபா குடுக்கறவங்க 2,000 பேர் இருந்தா 20 லட்சம், அதுல ஸ்டோர் கமிஷனும் வரியும் போக மீதி ஒருத்தர் குடும்பம் நடத்தற காசு. ஃப்ரீயா லட்சம் பேர் டவுன்லோட் பண்ணிட்டு மறந்துடறத விட இது எவ்ளோவோ மேல். அந்த 2,000 பேரும் லேசுல வந்துடுவாங்கனு சொல்லல, ஆனா அவங்க எங்க இருக்காங்கனாவது உங்களுக்கு தெரியும்.

வேகம் ஒரு காரணமா இருக்க முடியுமா?

முடியும், அதுக்கு 'டிராஃப்ட்ஸ்'ங்கற நோட்ஸ் ஆப் தான் சாட்சி. 2012ல இருந்து ஓடுது, ஆப்பிள் பக்கம் மட்டும், பண்ணது கிரெக் பியர்ஸ்னு ஒருத்தர். திறந்தா வெறும் பக்கம், கீபோர்டு ரெடியா இருக்கும். ஃபோல்டர் கேக்காது, தலைப்பு கேக்காது, மொத எழுதுங்க, எங்க அனுப்பறதுனு அப்புறம் பாத்துக்கலாம். மத்த ஆப்ல பழைய நோட்ஸ் லிஸ்ட் வந்து நிக்கும், பிளஸ் தேடணும், அதுக்குள்ள சொல்ல வந்தது மறந்துரும்.

உங்க ஆப்ப பழைய 3ஜிபி ரேம் ஃபோன்ல போட்டு, ஐகான தொட்டதுல இருந்து மொத எழுத்து விழற வரைக்கும் எவ்ளோ நேரம்னு பாருங்க. உங்க கைல இருக்கற புது ஃபோன்ல எல்லா ஆப்பும் வேகமா தான் இருக்கும். லாகின் ஸ்கிரீன் முதல்ல வந்தா அதையும் சேத்து எண்ணுங்க, அதான் பெரும்பாலும் கொலைகாரன்.

தமிழ் சப்போர்ட்டுனு போட்டா தனியா தெரியுமா?

மெனுவ தமிழ்ல மொழிபெயர்த்துட்டு தமிழ் சப்போர்ட்டுனு போட்டா ஒன்னும் நடக்காது, நிறைய பேர் ஃபோன இங்கிலீஷ்ல தான் வச்சிருக்காங்க. தேடல் சரியா வேலை செஞ்சா தான் வித்தியாசம் தெரியும், அங்க தான் பெரிய ஆப்பே சொதப்புது.

இது கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கோங்க. நிறைய நோட்ஸ் ஆப் உள்ள எஸ்கியூலைட்ங்கற குட்டி டேட்டாபேஸ் தான் வச்சிருக்கும், தேடறதுக்கு அதோட எஃப்டிஎஸ்5ங்கற பாகம். அதுல டீஃபால்ட்டா இருக்கற யூனிகோட்61 டோக்கனைசர் (வரிய சொல் சொல்லா பிரிக்கறது), யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கற பொது பட்டியல்) எழுத்து வகை, எண் வகைனு இருக்கறத மட்டும் தான் சொல்லோட பாகமா எடுத்துக்கும். தமிழ்ல துணைக்கால், கொம்பு, சுழி, புள்ளி இதெல்லாம் யூனிகோட் கணக்குல எழுத்து வகை இல்ல, மார்க் வகை. அதனால அது வர்ற இடத்துலயெல்லாம் சொல்ல வெட்டிடும். 'பால்' ப, லனு ரெண்டு துண்டாயிடும். 'பில்' கூட அதே ரெண்டு துண்டு தான். அப்போ பால்னு தேடினா கரண்ட் பில்லும் வரிசைல வந்து நிக்கும். டேபிள் கிரியேட் பண்ணும்போதே கேட்டகரீஸ் ஆப்ஷன்ல எம்என், எம்சினு ரெண்டு மார்க் வகையையும் சேத்துட்டா இது சரியாயிடும். ஒரு வரி வேலை, அந்த ஒரு வரிய போடாத ஆப் எத்தனையோ.

அடுத்தது 'கொ' மாதிரி எழுத்துங்க. ஒரே குறியாவும் சேவ் ஆகலாம், ஒற்றைக்கொம்பு தனி துணைக்கால் தனினு ரெண்டாவும் சேவ் ஆகலாம், எந்த கீபோர்டு எங்க இருந்து காப்பினு பொறுத்தது. கண்ணுக்கு ஒன்னு தான், மெஷினுக்கு வேற வேற. சேவ் பண்ணும்போதும் தேடும்போதும் என்எஃப்சி நார்மலைஸ் பண்ணி எல்லாத்தையும் ஒரே வடிவமாக்கிடுங்க. அப்புறம் நாம 'வீடு'னு தேடுவோம், நோட்டுல 'வீட்டுல', 'வீட்டுக்கு'னு இருக்கும். முழு இலக்கணம் வேணாம், ட் இரட்டிக்கிறது மாதிரி நாலஞ்சு விதிய எழுதினாலே பாதி கிணறு தாண்டிடலாம். கடைசியா, நம்மாளுங்க பாதி பேர் தமிழ இங்கிலீஷ் எழுத்துல தான் அடிக்கிறாங்க, அப்படி அடிச்சு தேடினாலும் தமிழ்ல எழுதின நோட் வரணும், தமிழ்ல தேடினா இங்கிலீஷ் எழுத்துல அடிச்சதும் வரணும். இத எவனாவது ஒழுங்கா பண்ணா நானே காசு குடுத்து வாங்குவேன்.

ஏஐ போடணுமா?

நாலு வரி நோட்டுக்கு சுருக்கம் எழுதி குடுக்கற பட்டன் யாருக்கும் வேணாம். பேசி ரெக்கார்ட் பண்ணத எழுத்தா மாத்தறது, போட்டோல இருக்கற சீட்ட படிச்சு தேட விடறது, இது உங்க ஆளுக்கு உபயோகம்னா போடுங்க. ஆனா ஒரு கணக்கு போட்டுக்கோங்க: ஒரே தடவை காசு வாங்கிட்டு ஆப்ப வித்துட்டு, ஒவ்வொரு தடவை அவங்க பட்டன் அமுக்கும்போதும் உங்க பாக்கெட்ல இருந்து சர்வர் காசு போனா, நல்லா ஓடற ஆப் தான் உங்கள முதல்ல மூழ்கடிக்கும். ஃபோன்லயே ஓடற மாடல் போதும்னா அதுல முடிச்சுக்கோங்க.

சிங்க் (ஒரு ஃபோன்ல எழுதினது இன்னொன்னுலயும் வர்றது) நானே கட்டவா?

முதல் வெர்ஷனுக்கு வேணாம். ஆப்பிள்னா ஐகிளவுட், ஆண்ட்ராய்டுனா கூகுள் டிரைவ்ல ஆப்புக்குனே இருக்கற ஃபோல்டர், இப்படி ஆரம்பிங்க. சர்வர் செலவு இல்ல, அடுத்தவங்க நோட்ஸ் உங்க கைல இல்லங்கறதால ராத்திரி தூக்கமும் வரும்.

கவனிக்க வேண்டியது ஒன்னு தான். ரெண்டு ஃபோனையும் ஏரோபிளேன் மோட்ல போட்டு ஒரே நோட்ட ரெண்டுலயும் மாத்திட்டு நெட்ட போடுங்க. கடைசியா எழுதினது ஜெயிக்கும்னு விட்டுருந்தா ஒருத்தர் எழுதினது சத்தமில்லாம போயிடும். சேக்க தெரியலனா ரெண்டு காப்பியையும் வச்சுட்டு யூசர்ட்டயே கேளுங்க, அசிங்கமா இருந்தாலும் பரவால்ல. நோட் ஒன்னு காணாம போச்சுனா அந்த ஆள் திரும்ப வரவே மாட்டாரு, எத்தனை அழகான ஃபான்ட் போட்டிருந்தாலும்.

எக்ஸ்போர்ட் குடுத்தா எல்லாரும் ஓடிட மாட்டாங்களா?

நேர் எதிர். புது ஆப்ல நோட்ஸ் போட தயங்கறதே "நாளைக்கு இவன் கடைய மூடிட்டா?"னு தான், அதுவும் சின்ன ஆப்னா கேக்கவே வேணாம். செட்டிங்ஸ்ல ஏழாவது அடுக்குல ஒளிச்சு வைக்காம, முதல் பக்கத்துலயே "எல்லாத்தையும் எப்ப வேணா எடுத்துட்டு போலாம்"னு எழுதுங்க. அதே மாதிரி உள்ள வர்ற கதவும் முக்கியம். 2016ல எவர்நோட் ஃப்ரீ ஆளுங்களுக்கு ரெண்டு டிவைஸ் தான்னு கட்டு போட்டப்பவும், கம்பெனி இத்தாலி பெண்டிங் ஸ்பூன்ஸ் கைக்கு மாறி 2023 கடைசில ஃப்ரீக்கு 50 நோட், ஒரு நோட்புக்னு சுருக்கினப்பவும், கூட்டம் வெளிய வந்துச்சு. அவங்க ஃபைல அப்படியே உள்ள இழுக்க தெரிஞ்ச ஆப்புங்களுக்கு தான் அந்த கூட்டம் போச்சு. பெரிய ஆப் விலைய ஏத்தற அன்னைக்கு உங்க இம்போர்ட் ரெடியா இருக்கணும், அன்னைக்கு புரோகிராம் எழுத உக்காந்தா லேட்டு.

காசு எப்படி வாங்கறது? சப்ஸ்கிரிப்ஷனா, ஒரே தடவையா?

உங்களுக்கு மாசா மாசம் செலவு இருந்தா சப்ஸ்கிரிப்ஷன், இல்லனா ஒரே தடவை. ஆப்ஸிடியன் மாதிரி ஆப் ஃப்ரீ, சிங்க் வேணும்னா காசுங்கறது ஜனங்களுக்கு நியாயமா படுது, ஏன்னா எதுக்கு குடுக்கறோம்னு தெரியுது.

எத பண்ணாலும் ஏற்கனவே காசு குடுத்தவங்க கைல இருந்து எதையும் புடுங்காதீங்க. 2021 நவம்பர்ல நோட்டபிலிட்டிங்கற நோட்ஸ் ஆப் சப்ஸ்கிரிப்ஷனுக்கு மாறினப்ப, பழசா வாங்கினவங்களுக்கும் ஒரு வருஷத்துக்கு அப்புறம் வசதி குறையும்னாங்க, ஒரே ரகளை, சில நாள்லயே பின்வாங்கிட்டாங்க. ஆப்பிள் ரூல்லயே இருக்கு, காசு குடுத்து வாங்கின வசதிய சப்ஸ்கிரிப்ஷனுக்கு மாறும்போது எடுக்க கூடாதுனு.

இந்தியாவுல விக்கறவங்களுக்கு: 2021 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் பேங்க் ரூல்படி கார்டுல தானா காசு எடுக்கறதுக்கு தனி அனுமதியும் முன்கூட்டியே அறிவிப்பும் வேணும், அதனால மாச சப்ஸ்கிரிப்ஷன் நடுவுல அறுந்து போறது சகஜம். கூகுள் ப்ளேல யூபிஐ ஆட்டோபே இருக்கு, இருந்தும் வருஷ சந்தாவோ ஒரே தடவையோ தான் நிம்மதி. கமிஷன் விஷயத்துல, ஆப்பிள்ல வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்குள்ள சம்பாதிக்கறவங்களுக்கு 30% இல்ல 15%, ஆனா ஸ்மால் பிசினஸ் புரோகிராம்ல நீங்களா போய் சேரணும், தானா வராது.

டிசைன் சூப்பரா இருந்தா போதாதா?

வெஸ்பர்ங்கற நோட்ஸ் ஆப்போட கதைய கேளுங்க. 2013 ஜூன்ல வந்துச்சு, பண்ணது ஜான் க்ரூபர், பிரெண்ட் சிம்மன்ஸ், டேவ் விஸ்கஸ், ஆப்பிள் உலகத்துல தெரியாத ஆளே இல்ல. அழகுனா அப்படி ஒரு அழகு. ஆனா ஆரம்பத்துல ஐபோன் மட்டும், சிங்க்கே இல்ல, மேக் வெர்ஷன் கடைசி வரைக்கும் வெளிய வரல. 2015ல ஆப்பிளே தன்னோட நோட்ஸ நல்லா பண்ணிடுச்சு. 2016 ஆகஸ்ட்ல வெஸ்பர மூடிட்டாங்க. மேக்ல ஆரம்பிச்சிருக்கணும்னு க்ரூபரே பின்னாடி எழுதினாரு. இவ்ளோ பேரும் புகழும் இருந்த ஆளுங்களுக்கே இதான் நிலைமைனா, நீங்க மொத கேக்க வேண்டியது உங்க ஆளு எந்த மெஷின்ல உக்காந்து எழுதறாருனு. கலர் அப்புறம்.

ஸ்டோர்ல எப்படி கண்ணுல படறது?

வெறும் 'நோட்ஸ்'னு தேடறவங்க கண்ணுல நீங்க பட மாட்டீங்க, விட்டுருங்க. தலைப்புக்கு ரெண்டு ஸ்டோர்லயும் 30 எழுத்து, ஆப்பிள்ல சப்டைட்டில் இன்னொரு 30, ப்ளேல குட்டி விவரம் 80. அதுல "அழகான எளிமையான"னு வீணாக்காம உங்க ஆள் தேடற சொல்ல போடுங்க. முதல் ஸ்கிரீன்ஷாட்ல டார்க் மோட காட்டாதீங்க, அந்த ஆள் வேலைய காட்டுங்க, பாட்டு நோட்டுனா ஒரு வர்ணம் எழுதி பக்கத்துல ப்ளே பட்டன் தெரியணும்.

கூகுள் ப்ளேல 12 டெஸ்டர் கேக்குறாங்களே?

2023 நவம்பர் 13க்கு அப்புறம் திறந்த பர்சனல் அக்கவுண்டுக்கு, ஆப்ப எல்லாருக்கும் விடறதுக்கு முன்னாடி இத்தனை பேர் டெஸ்ட் பண்ணிருக்கணும்னு இந்த ரூல், முதல்ல 20 பேர்னு இருந்துச்சு, இப்ப 12, தொடர்ந்து 14 நாள். "நீ என்னுத டெஸ்ட் பண்ணு நான் உன்னுத பண்றேன்"னு முகம் தெரியாதவங்களோட மாத்திக்கறத விட, உங்க ஆளுங்க மாதிரியே 12 பேர தேடுங்க. 12 பேர் கிடைக்கலனா ஆப் யாருக்குனு நீங்க இன்னும் முடிவு பண்ணலனு அர்த்தம்.

டார்க் மோட் வேணுமா?

வேணும். ஆனா அதுக்காக யாரும் வர மாட்டாங்க.

பெரிய கம்பெனி என் ஐடியாவ காப்பி அடிச்சிட்டா?

பொதுவான ஐடியானா அடிப்பாங்க. ஆப்பிள் 2023 டிசம்பர்ல டைரி எழுதறதுக்குனே ஜர்னல் ஆப் விட்டுச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே பல வருஷமா இருக்கற டே ஒன்ங்கற டைரி ஆப் இன்னும் இருக்கு, ஏன்னா அதுல ஜனங்களோட பழைய வருஷங்க இருக்கு, பிரிண்ட் போட்டு புக்கா தருவாங்க, ஆப்பிள் தாண்டியும் ஓடுது. ஸ்தாயி புள்ளி, ஆவர்த்தன கோடு இந்த லெவலுக்கு நீங்க இறங்கிட்டா யாரும் துரத்தி வர மாட்டாங்க, வந்தா அது அவங்களுக்கு நஷ்ட கணக்கு.

ஒருவேளை ஆப்ப மூட வேண்டியதாயிட்டா?

வெஸ்பர்காரங்க பண்ண மாதிரி பண்ணுங்க: கடைசி அப்டேட்ல எக்ஸ்போர்ட் போட்டு, ஆப்ப ஃப்ரீயாக்கி, சிங்க் எந்த தேதில நிக்கும்னு முன்னாடியே சொல்லிட்டு மூடுங்க. காசு வாங்கறத அதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க, நடு வருஷத்துல இருக்கற சந்தாக்காரங்களுக்கு மீதிய எப்படி திருப்பி தர்றதுனு ஸ்டோர் ரூல்ல பாத்து வைங்க. எக்ஸ்போர்ட் ஃபைல் வேற எந்தெந்த ஆப்ல திறக்கும்னு நீங்களே போட்டு பாத்துட்டு, அந்த பேருங்களையும் அந்த அறிவிப்புலயே எழுதிடுங்க.